மழை நாட்டில் வில்லிஸ் ஜீப்

பர்மாவில் பழைய வில்லிஸ் ஜீப் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்குகிறார்கள். புகை பார்த்து, சத்தம் கேட்டு, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் முன்பணம் கை மாறிவிடுகிறது. இது தலைகீழான வரிசை. அந்த எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் சாகாது, செத்தாலும் எழுப்பிவிடலாம். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை, மோல்மீனில் ஏறக்குறைய 4,800 மி.மீ. மே நடுவிலிருந்து அக்டோபர் வரை காற்றே ஈரம். இங்கே ஜீப்பைத் தின்பது ஓட்டம் அல்ல, தண்ணீர். ஆகவே தண்ணீர் எங்கெல்லாம் போய் உட்காருகிறதோ, அந்த வரிசையில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிகள் பெரும்பாலும் யுத்தத்தோடு வந்தவை. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்று இரண்டு கம்பெனிகள் ஒரே வரைபடத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. அஸ்ஸாமிலிருந்து போட்ட லெடோ சாலை வழியாகவும், தெற்கே இறங்கி வந்த பிரிட்டிஷ் 14ஆம் படையோடும் பர்மாவுக்குள் வந்து, திரும்பிப் போகாமல் தங்கியவை ஏராளம். மிச்சினா பக்கம் ரயில் எஞ்சின் கிடைக்காதபோது, ஜீப்புக்கு இரும்புச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்திலேயே பெட்டிகளை இழுக்க வைத்திருக்கிறார்கள். எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். அப்போது இங்கே வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. 1970 டிசம்பர் 6ஆம் தேதி நாடு முழுக்க வலப்பக்கத்துக்கு மாறியதும், கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஜீப்பின் ஸ்டியரிங் சாலைக்குப் பொருத்தமான பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் வந்த ஜப்பான் கார்களில் பலவற்றுக்கு அந்தப் பொருத்தம் இல்லை.

வாங்கும்போது எது யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த தகட்டுக் கால்வாய் போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டில் போல்ட் தலைகளில்கூட 'எஃப்' எழுத்து இருக்கும். எஞ்சின் எண் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்குப் பின்னால், பிளாக்கிலேயே அடித்திருக்கும். வில்லிஸ் சேஸிஸில் ஃபோர்டு எஞ்சின் இருந்தால் பயப்பட வேண்டாம், எண்பது வருஷத்தில் எல்லாம் கலந்துவிட்டது. ஆனால் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். 2011இல் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஒப்படைத்துவிட்டுப் புதிய கார் இறக்குமதிக்கு அனுமதி வாங்கும் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு, காகிதம் ஒன்றாகவும் வண்டி வேறாகவும் இருந்தால் விளக்கம் சொல்லி மாளாது.

வேலையைத் தொடங்குமுன் அளவு விஷயம் ஒன்று. அமெரிக்க இராணுவக் கையேட்டில் உள்ள காலனும் குவார்ட்டும் அமெரிக்க அளவுகள். நம் ஊரில் பழைய ஆட்கள் காலன் என்றால் பிரிட்டிஷ் காலன். எஞ்சின் ஆயில் 4 குவார்ட் என்று எழுதியிருப்பது 3.8 லிட்டர். பிரிட்டிஷ் குவார்ட்டில் அளந்து ஊற்றினால் 4.5 லிட்டர் போய்விடும், கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், பின் சீல் வழியாகக் கிளட்சுக்கு ஆயில் இறங்கும். 15 காலன் பெட்ரோல் டாங்கி என்பது 57 லிட்டர். ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் சேர்த்துத் தண்ணீர் 11 குவார்ட், அதாவது 10.4 லிட்டர். ஸ்பேனரும் அப்படியே. ஜீப்பின் நட்டு எல்லாம் அங்குல அளவு. முக்கால் அங்குலத்துக்கு 19 மி.மீ. ஸ்பேனர் சரியாக உட்காரும், 5/16க்கு 8 மி.மீ. போகும். ஆனால் அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஆடும், 9/16இல் 14 நுழையாது, 15 வழுக்கும். ஜப்பான் கார் ஸ்பேனர் செட்டை வைத்து வேலை செய்த ஜீப்பை நட்டுகளின் தேய்ந்த மூலைகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு நல்ல அங்குல செட்டுக்குச் செலவு பண்ணுங்கள்.

இனி தரை. ஜீப்பின் பாடிக்குக் கீழே தொப்பி வடிவத்தில் மடித்த தகட்டுக் கால்வாய்கள் ஓடும். சேஸிஸின்மேல் பாடி உட்காருவது அவற்றின் மேல்தான். தொழிற்சாலையில் அந்தக் கால்வாய்களுக்குள் மரத்தை வைத்து அடைத்தார்கள். அந்த மரம் ஒரு மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை அடுத்த மழைக்காலம் வரை வைத்திருக்கும். தகடு உள்ளிருந்து வெளியே அரித்து வரும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, கீழே ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். வாங்குமுன் குத்திப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சரி செய்யும்போது பலர் மரத்தை விட்டுவிட்டுச் சதுரக் குழாய் வைத்து வெல்டிங் அடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குழாய்க்குள் பெயின்ட் போகாது, தண்ணீர் மட்டும் போகும். பர்மாவில் இருந்துகொண்டு தேக்கைத் தேடாமல் இருக்கலாமா? தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய் ஈரத்தை ஏற்காது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பை அரிக்கும், தேக்கு அரிக்காது. அந்தக் காலத்தில் போர்க்கப்பல்களின் இரும்புக் கவசத்துக்குப் பின்னால் தேக்கு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைப் பகுதி இல்லாத, நன்றாக உலர்ந்த வைரக்கட்டை வேண்டும். கால்வாயின் உள் அகலத்தைவிட 2 மி.மீ. குறைத்து இழைத்து, போல்ட் துளைகளை முதலிலேயே போட்டு, எல்லாப் பக்கமும் துளைக்குள்ளும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசிக் காயவிட்டு ஏற்றுங்கள். கால்வாயின் இரண்டு முனையையும் அடைக்காதீர்கள். காற்று போக வழி இருந்தால்தான் காயும்.

அதே போல டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்கி உட்காரும் குழி. அதன் அடியில் தண்ணீர் வடியத் துளை உண்டு. மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் டாங்கியின் வயிறு மாசக்கணக்கில் தண்ணீரில் ஊறும். பின் மூலைகளில் இருக்கும் இரண்டு கருவிப் பெட்டிகளும் அப்படியே. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை கம்பி விட்டுத் துளைகளைக் குத்திவிடுவது இரண்டு நிமிஷ வேலை.

பெயின்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. இராணுவப் பச்சை என்பது பளபளப்பில்லாத பெயின்ட், அதன் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சும். ரெட் ஆக்சைடு மேல் நேராக அதை அடித்தால் இரண்டாவது மழையிலேயே கீழே துரு பூக்கும். வெறும் தகடு வரை சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் தடவிக் கழுவி, அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கை, அதற்கு மேல் பச்சை. இந்த வேலைக்கு டிசம்பர், ஜனவரிதான் ஏற்ற காலம்.

சக்கரத்தில் இரண்டு ஆபத்து இருக்கிறது. போர்க்கால வட்டு இரண்டு பாதியாகச் செய்து, சுற்றிலும் 8 நட்டுப் போட்டு இணைத்தது. நடுவில் ஹப்போடு பிடிக்கும் நட்டு 5. பஞ்சர் கடைப் பையனுக்கு இது தெரியாது. காற்று இருக்கும்போது அந்த 8 நட்டில் கை வைத்தால் வட்டின் பாதி பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும். வால்வின் உள் ஊசியைக் கழற்றி, காற்று முழுக்கப் போனதை விரலால் சோதித்த பிறகுதான் தொட வேண்டும். அந்த 8 நட்டுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள். அடுத்தது, இடப்பக்கச் சக்கரங்களின் 5 நட்டும் இடமரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். துருப்பிடித்த நட்டில் நாலடிக் குழாயை மாட்டி இரண்டு பேர் தொங்குவார்கள், ஸ்டட் முறியும். பிறகுதான் கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டிருந்தது தெரியும். ஸ்டட் முனையில் 'எல்' இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். 6.00-16 டயருக்கு 35 பவுண்டு காற்று. அந்தப் பழைய கட்டை வடிவ டயர் ஈரத் தாரில் வழுக்கும், முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி இரண்டு மடங்கு வேண்டும்.

பிரேக்கில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் பர்மாவில் ஜீப் ஓட்டுபவருக்கு வரும் கெடுதல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, சக்கரம் வாரி அடிக்கும் சேற்றின் பாதையில் இருக்கிறது. அதன் மூடியில் காற்றுத் துளை உண்டு, வெள்ளத்தில் போனால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். போதாததற்குப் பிரேக் ஆயிலே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரம் கீழே இறங்கி வீல் சிலிண்டரின் வார்ப்பிரும்பில் குழி குழியாக அரிக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் வாஷர் போட்டால் ஆறு மாதம்கூடத் தாங்காது. எம்ரி தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். லேத் பட்டறையில் கொடுத்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் குழல் இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து வாங்குங்கள். மாஸ்டரும் முன் சிலிண்டர்களும் 1 அங்குலம், பின் சிலிண்டர் முக்கால் அங்குலம். முன்னதைப் பின்னுக்கு மாற்றி மாட்டினால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும்.

பெடலில் அரை அங்குலம் வெறும் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். "பெடல் கல் மாதிரி இருக்கணும்" என்று தண்டை நீட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பி வரும் சிறு துளை மூடிக்கொள்ளும். ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், திரும்ப வழியில்லாமல் நாலு சக்கரமும் தானாகப் பிடிக்கும். டிரம் தொட்டால் சுடுகிறது என்றால் லைனிங்கைச் சந்தேகிக்குமுன் இந்த அரை அங்குலத்தைப் பாருங்கள். லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி, கீழே லைனிங் ஷூவைப் பிடித்திருக்கும் நிலைப்பின் பக்கம் 0.005 அங்குலம், மேலே 0.008. கீழ்ப்பின்னைத் திருப்பாமல் மேலே மட்டும் இறுக்குவது பாதி வேலை.

பிரேக் ஆயிலை வருஷத்துக்கு ஒரு முறை, மழை விட்டதும், முழுக்க மாற்றுங்கள். சிலிக்கான் ஆயில் ஈரம் இழுக்காது, நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் பழைய ஆயிலோடு கலக்காது, குழாய் முதல் ரப்பர் வரை எல்லாம் புதிதாக இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

முன் அச்சின் இரண்டு முனையிலும் உருண்டைப் பந்து போன்ற ஹவுசிங் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கம்பளிச் சீல். அது தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைக் கஞ்சியாக்கும். வெளியே பழுப்பாக வழிந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மெல்லிய கறுப்பு எண்ணெயாக வழிந்தால் உள்ளே இருக்கும் அச்சுச் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் இறங்குகிறது. இரண்டும் வேறு வேறு நோய், வேறு வேறு சீல். பிரிக்கும்போது, முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கு மேலும் கீழும் இருக்கும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வையுங்கள். ஷிம் கூடிப்போய்ப் பேரிங் தளர்ந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளம் போதும், முன் சக்கரங்கள் வெறிபிடித்தது போல் ஆடும். அந்த ஆட்டத்துக்கு இன்னொரு காரணம், ஸ்டியரிங் கம்பிகள் வந்து சேரும் பெல் கிராங்க். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படி அப்படி அசைக்கச் சொல்லிவிட்டு, கீழே படுத்து அதைக் கையால் பிடித்துப் பார்த்தால் தேய்மானம் கைக்குத் தெரியும்.

கியர்பாக்ஸுக்கு முக்கால் குவார்ட், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்றரை, டிஃபரன்ஷியல் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால். எல்லாம் 90 ஆயில். கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், அதன் கந்தகச் சேர்மானம் வெண்கல சின்க்ரோ வளையங்களைத் தின்னும். ஜிஎல்-4 போதும். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் வெளியே ஒழுக்கைத் தேட வேண்டாம், இரண்டுக்கும் இடையே உள்ள சீல் வழியாக ஆயில் நடந்து போகிறது. வெள்ளத்தில் போய் வந்தால் மறுநாள் காலை, வண்டியை அசைக்காமல், ஒவ்வொரு வடிகால் போல்ட்டையும் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். தண்ணீர் கனம், முதலில் அதுதான் சொட்டும்.

மின்சாரம் 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். "ஆறு வோல்ட்டு இழுக்காது" என்று 12க்கு மாற்றச் சொல்லும் பலர், வண்டியில் இருக்கும் கேபிளைப் பார்ப்பதேயில்லை. வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு. கடையில் கிடைக்கும் மெல்லிய கார் கேபிள் இதற்குப் பற்றாது, 70 சதுர மி.மீ. செம்புக் கேபிள் வேண்டும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையின் இரண்டு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் பிடித்து, மேலே கிரீஸ் பூசுங்கள். சோதனை சுலபம். மல்டிமீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் துரு. அதைச் சரி செய்த பிறகும் இழுக்கவில்லை என்றால் 12க்குப் போகலாம். காயில், பல்பு, டைனமோவும் அதன் ரெகுலேட்டரும் மாற்ற வேண்டும், பெட்ரோல் மீட்டருக்கு வோல்ட் குறைக்கும் சாதனம் வேண்டும். செல்ஃப் மோட்டார் தாங்கும், ஆனால் பல் சக்கரத்தில் அறைவது போல் விழும். விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

எஞ்சினுக்கு இப்போதுதான் வருகிறேன். 2.2 லிட்டர், பக்கவாட்டு வால்வு, 60 குதிரைத் திறன். டேப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.014 அங்குலம், பாயிண்ட் 0.020, பிளக் 0.030. தீ வரிசை 1-3-4-2. டைமிங் பிஸ்டனின் மேல்நிலைக்கு 5 டிகிரி முன்னால், குறி ஃப்ளைவீலில் இருக்கும். ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், 60 முதல் 65 அடி-பவுண்டு வரை இறுக்கி, ஒருமுறை சூடாகிக் குளிர்ந்த பிறகு மறுபடி பாருங்கள்.

பல மழை நின்ற வண்டியை செல்ஃப் அடித்து எழுப்பாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி விட்டு, முன்னால் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றுங்கள். சிலிண்டர் ஒன்றில் கம்ப்ரெஷனே இல்லை என்றால் பெரும்பாலும் வால்வு துருவில் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த அமைப்பில் வால்வு பிஸ்டனுக்குப் பக்கத்தில் இருப்பதால் இடித்து உடையாது. ஹெட்டை எடுத்து, தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் தட்டி இறக்கலாம். அடுத்து ஆயில் பேனை இறக்குங்கள். ஆயில் இழுக்கும் வலை மிதக்கும் வகை, கீழே களிமண் போல் படிந்த சகதியில் அது சிக்கியிருக்கும். அதைக் கழுவாமல் நவீன ஆயிலை ஊற்றினால், அது சகதியைக் கரைத்து வலையை அடைத்துவிடும். ஆயில் பம்பைக் கழற்றினால் அதன் தண்டு முனையில் உள்ள வெட்டு நின்ற கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது அந்த வெட்டுதான், ஒரு பல் மாறினால் டைமிங் எங்கோ போய்விடும். திருப்பி மாட்டுமுன் பம்புக்குள் ஆயில் நிரப்புங்கள், இல்லையென்றால் இழுக்கத் தொடங்குமுன் பேரிங் காயும்.

ஏப்ரல் வெயிலில் ஓடிக்கொண்டே இருந்து திணறி நின்றால், பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் நின்றால் கிளம்பும். நிரந்தர வைத்தியம், குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டி இடையில் ஒரு தகடு வைப்பது. கொதிக்கிறது என்று 13 பவுண்டு அழுத்த மூடி போடாதீர்கள். பழைய ரேடியேட்டருக்கு 4 பவுண்டு அளவுதான் தாங்கும், மிஞ்சினால் ஈயப்பற்று பிளக்கும். பிளாக்கின் வடிகாலைத் திறந்து கம்பி விட்டுப் பின்பக்க மண்ணை எடுத்தால் பாதிக் கொதிப்பு அடங்கும்.

மாற்றங்களில் நான் ஆதரிப்பவை கொஞ்சம்தான். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் கட்டாயம், ஒரே அறையில் ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இண்டிகேட்டர், சீட் பெல்ட் வேண்டும். பெல்ட் போல்ட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் 3 மி.மீ. தகடு வைக்காவிட்டால் மெல்லிய தரையைப் பிய்த்துக்கொண்டு வரும். இந்தியாவிலிருந்து வரும் மகிந்திரா சாமான் விலைக்கு வசதி, ஆனால் அச்சு விகிதத்தில் கவனம். போர்க்கால ஜீப்புக்கு 4.88, மகிந்திராவுக்கு 5.38. பின் அச்சை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர ஓட்டத்தில் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் இடைத்தண்டும் ஒன்றல்ல, யுத்த காலத்தது முக்கால் அங்குலம், பின்னால் வந்தவை அதைவிடத் தடிமன். ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றுவதை நான் விரும்பவில்லை. எடை முன்னால் ஏறுகிறது, முறுக்கு விசையை மூன்று கியர் பெட்டியின் பற்கள் தாங்குவதில்லை, பிரேக் டிரம் மட்டும் அதே 9 அங்குலம்.

நம் காலண்டரிலேயே இரண்டு தவணை இருக்கிறது. திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்திய வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிளக் வயர்கள் நுழையும் இடத்தில் சிலிக்கான் கிரீஸ் பூசுங்கள். பானெட்டை இறுகப் பூட்டுங்கள். சுடும் எக்ஸாஸ்ட் மனிபோல்டில் யாராவது ஒரு வாளி பச்சைத் தண்ணீர் அடித்தால் வார்ப்பு விரிசல் விட்டுவிடும். அடுத்த தவணை ஆயுத பூஜைக்கு முன்னால், மழை ஓயும் நேரம். பிரேக் ஆயில், கியர் ஆயில்கள், கிங்பின் ஆட்டம், தரைக் கால்வாய்கள், டாங்கிக் குழி, எல்லாம் அந்த ஒரு வாரத்தில். பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கிய பின், குங்குமம் கரைந்த தண்ணீர் பெடல் பக்கத்து மடிப்புகளில் தேங்கியிருக்கும். அதையும் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.